கெட்டு என்று எழுதிய பாட்டில்

நம் தண்ணீர் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்புகிறவளிடம் இப்படிக் கேட்பது ஒரு மரியாதை. யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் கேட்கிறார்கள். நானும் அதே தைரியத்தில்தான் எழுதுகிறேன். உங்களில் சிலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் இந்தக் கொச்சி மட்டாஞ்சேரியிலேயே பிறந்து, வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். சாயா நேரத்தில் செய்தால் போதும்.

எந்தக் கருவியை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கெல்லாம் சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது. சாயாக் கறை படாத வரிகளைப் படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல நினைப்பது ஒரே ஒரு பாட்டிலைப் பற்றி.

நாம் எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தோம். கடல், மேகம், மழை, மலை, ஆறு, மறுபடியும் கடல். நடுவே நீல நிற அம்புக்குறிகள். அடுத்த பக்கத்தில் நைட்ரஜன் சுழற்சி என்று தலைப்புப் போட்டு ஒரு மாட்டை நிறுத்தியிருப்பார்கள். மாட்டின் பின்பக்கத்திலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பும். அதன் மேல் ‘கரிமப் பொருள்’ என்று நாகரிகமாக எழுதியிருக்கும். மாடு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று வகுப்பில் யாராவது கேட்டால் வாத்தியார் அடுத்த பக்கம் திருப்பிவிடுவார். நம் தொழில் முழுக்க அந்த ஓர் அம்புக்குறிதான்.

மட்டாஞ்சேரியில் மாட்டுக்குப் பதில் நாம் இருக்கிறோம். காலையில் ஊர் முழுக்க ஃப்ளஷ் செய்கிறது. அதில் கொஞ்சம் தொட்டியில் தங்குகிறது, கொஞ்சம் யாருக்கும் தெரியாமல் வாய்க்காலுக்குப் போகிறது. கடலின் ஓதம் இறங்கும்போது வாய்க்கால் தன் சரக்கைக் காயலில் கொட்டுகிறது. அதைத் தின்று பாசி வளர்கிறது, பாசியைத் தின்று பூச்சி, பூச்சியைத் தின்று மீன். அந்த மீன் வாழையிலையில் பொதிந்து கரிமீன் பொள்ளிச்சதாக மேஜைக்கு வரும்போது நாம் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புகிறோம். நம்முடையது நம்மிடமே வந்து சேர்ந்திருக்கிறது என்பதை அந்தச் சமயத்தில் சொன்னால், உங்களை அடுத்த விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள். என்னை நிறையப் பேர் கூப்பிடுவதில்லை.

இந்தச் சுற்றைப் பக்கத்தில் இருக்கும் கும்பளங்கிக்காரர்கள் நம்மைவிட வெட்கமில்லாமல் பயன்படுத்துகிறார்கள். காயலை ஒட்டி வரப்புக் கட்டித் தடுத்த வயலுக்கு அங்கே ‘கெட்டு’ என்று பெயர். கட்டு என்ற நம் சொல்தான், கொச்சியில் வாயைக் கொஞ்சம் கோணிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் மழை உப்பைக் கழுவிவிடும். அப்போது அதில் நெல். அறுவடை முடிந்ததும் நெல் தாளை அப்படியே விட்டுவிட்டு, தூம்பு என்கிற மதகைத் திறந்து உப்புத் தண்ணீரை உள்ளே விடுவார்கள். தாள் அழுகும். அழுகியதில் புழுவும் பாசியும் வரும். அதைத் தின்ன ஓதத்தோடு இறால் வரும். இறால் தின்றுவிட்டுச் சும்மா இருக்குமா? அது போடுவதுதான் அடுத்த வருட நெல்லுக்கு எரு. நெல் இறாலுக்குச் சோறு போடுகிறது, இறால் நெல்லுக்கு உரம் போடுகிறது, வர்கீஸ் சேட்டன் இருவரையும் தின்கிறார்.

வர்கீஸ் சேட்டன் ஒரு கெட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். மலையாளத்தோடு, என்னைப் பார்த்ததும் ஞாபகம் வரும் தமிழையும் சேர்த்துப் பேசுவார். சித்திரை பிறக்கிற சமயம் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மேடமே, வெளுப்பாங்காலம் மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. பின்னே, தோட்டுல எவனோ டேங்கர் லாரி கவுத்துட்டுப் போயின்னு சாயக்கடையில பேச்சு. சனியாழ்ச்சை கெட்டு கலக்கலாணு. ஒண்ணு வந்து நோக்கணும்.”

வெளுப்பாங்காலம் என்றால் விடிகாலை, தோடு என்றால் அங்கே வாய்க்கால். டேங்கர் லாரி என்றால் உங்களுக்கே தெரியும், வீடுகளின் கழிவுத் தொட்டியைக் காலி செய்துவிட்டு, ஆள் இல்லாத இடமாகப் பார்த்துத் திறந்துவிடும் வண்டி. கெட்டு கலக்கல் என்பது குத்தகைக் காலம் முடியும் நாள். அன்றைக்கு ஊரில் யார் வேண்டுமானாலும் கெட்டுக்குள் இறங்கலாம். இடுப்பளவு தண்ணீரில் நூற்றுக்கணக்கான கால்கள் சேற்றைக் கலக்கும். மூச்சுமுட்டி மேலே வரும் மீனைக் கையால் பிடிக்கலாம். பிடித்தவருக்கே மீன் சொந்தம். குழந்தைகளுக்கு அதைவிடப் பெரிய திருவிழா கிடையாது.

வியாழக்கிழமை காலை கிளம்பினேன். கோடை விடுமுறை, என் மகள் பவித்ரா அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். அவள் தோழி அன்னாவின் வீடு கும்பளங்கியில். “நீங்க வேலையப் பாருங்கம்மா, நான் அன்னா வீட்ல இருக்கேன், அவ அப்பா வைகிட்டு ஆறு மணிக்குக் கொண்டு வந்து விடும்” என்று கூடவே தொற்றிக்கொண்டாள். கொண்டுபோய் விட்டேன். நானேதான் விட்டேன்.

கெட்டிலிருந்து ஒரு பாட்டில், வாய்க்காலிலிருந்து ஒரு பாட்டில். ஒன்றில் ‘கெட்டு’ என்றும் மற்றதில் ‘தோடு’ என்றும் தமிழில் எழுதினேன். ஏன் தமிழில் என்றால், அப்போதைய தலைவருக்குத் தமிழ் வாசிக்க வராது. நான் எந்தப் பாட்டிலை எப்போது சோதிக்கிறேன் என்று அவர் மேஜைக்கு மேஜை வந்து எட்டிப் பார்க்கும் பழக்கத்துக்கு இது ஒரு நல்ல மருந்தாக இருந்தது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு, வேறொரு குடியிருப்பின் கிணற்றைப் பார்க்க ஓடினேன்.

பெட்டியை வாங்கிக்கொண்டவர் செல்வி. ஆமாம், உங்கள் அறிக்கைகளில் இப்போது கையெழுத்துப் போடும் அதே செல்வி மேடம்தான். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். தேனியிலிருந்து வந்து சேர்ந்து அப்போது ஒரு வாரம் கூட ஆகவில்லை. வேதியியலில் முதுகலை, கெட்டிக்காரி. மலையாளம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, நான் உள்ளே நுழைந்ததும் செல்வி சொன்னார்:

“அக்கா, நேத்து ஒரு பாட்டில் கெட்டுப்போயிருந்துச்சுல்ல, அதக் கொட்டிட்டு நல்லா கழுவி வச்சிட்டேன்.”

“எந்தப் பாட்டில் கெட்டுப்போச்சு?”

“நீங்கதான எழுதியிருந்தீங்க, கெட்டுன்னு.”

“கெட்டுன்னுதானே எழுதியிருந்தேன்?”

“ஆமாக்கா. ‘போச்சு’ எழுத எடம் பத்தல போலன்னு நெனச்சேன்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். செல்வி இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

“இன்னொரு பாட்டில்ல தோடுன்னு போட்டிருந்துச்சு. அத வடிகட்டிப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்லக்கா. ரெண்டு காதுலயும் இருக்கான்னு எதுக்கும் ஒருக்கா பாத்துக்கங்க.”

சத்தியமாகச் சொல்கிறேன், என் கை தானாகக் காதுக்குப் போனது.

நல்ல வேளையாக, தோட்டைத் தேடி முடித்த பிறகு செல்வி அந்தத் தண்ணீரை முறைப்படி சோதனைக்கும் வைத்திருந்தார். மலக்கிருமி வளர்கிறதா என்று பார்க்க ஒரு நாள் கதகதப்பில் வைப்போமே, அது. காலையில் எடுத்துப் பார்த்தோம். எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லாத அளவுக்குப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. சாயக்கடைப் பேச்சு உண்மைதான், லாரி வந்துதான் போயிருக்கிறது. ஆனால் மறுநாள் ஊரே இறங்கப்போவது வாய்க்காலில் இல்லை, கெட்டில். கெட்டுத் தண்ணீர் நம் கழுவு தொட்டி வழியாக மட்டாஞ்சேரி வாய்க்காலுக்குப் போயாகிவிட்டது. வழியில் அது காயலைச் சேர்ந்து, ஓதம் ஏறும்போது கும்பளங்கிப் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கலாம். செல்வி கொட்டியதால் எதுவும் தொலையவில்லை. அது சுழற்சியில் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

தலைவரிடம் போனோம். பெயர் வேண்டாம், இதை யாராவது படித்துக் காட்டினால் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவார். தண்ணீரை ஊர் வழக்கப்படி வெள்ளம் என்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை.

“கெட்டுக்குள்ள வர்ற வெள்ளம் தோட்டுலேருந்துதானே வருது? அதே நம்பரைப் போடு. கலக்கல் வேண்டாம்னு எழுதி அஞ்சு மணிக்கு முன்னே அனுப்பு.”

“சார், தூம்பு மூடியிருந்தா ரெண்டு தண்ணியும் வேற வேற.”

“மூடியிருந்தோ?”

“தெரியாது.”

“அப்போ மூடல்லன்னு வெச்சுக்கோ. கோமதீ, வெறுதே சிக்கலாக்காதே.”

பக்கத்து அறைக்கு வந்து அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது என் கைபேசி ஒலித்தது. பவித்ரா. வீட்டிலிருந்து.

“அம்மா, டென்ஷன் அடிக்காதீங்க, கேட்டீங்களா? கால்ல ஒரு சின்ன முறிவு.”

இந்த ஊரில் முறிவு என்றால் காயம். இத்தனை வருடம் இங்கே இருந்தும், அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் எலும்புதான் தெரியும். மூச்சை விட்டுவிட்டு, காயம்தானே என்று நிம்மதியாகிக் கேட்டேன்:

“எப்படி ஆச்சு?”

“சிப்பி கீறிச்சு. நேத்து. ராத்திரி ஒண்ணும் தெரியல, இப்ப குதிகால் வீங்கியிருக்கு.”

“சிப்பி எங்கேடி வந்துச்சு?”

“கெட்டுல.”

“எந்தக் கெட்டு?”

“வர்கீஸ் அங்கிளோட கெட்டு. நானும் அன்னாவும் நாளைக்கு மீன் பிடிக்க ப்ராக்டீஸ் பண்ணோம்.”

நான் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வரப்பை விட்டு ஏறிய அதே மத்தியானம், என் மகள் அதே தண்ணீரில் இறங்கியிருக்கிறாள். செல்வி கழுவி, கவிழ்த்து, வரிசையில் வைத்திருந்த அந்தப் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமான பாட்டிலை நான் பார்த்ததே இல்லை. நாளை ஊருக்கு என்ன ஆகும் என்று சொல்லியிருக்க வேண்டிய பாட்டில், நேற்று என் மகளுடைய திறந்த காயத்துக்குள் என்ன போனது என்று சொல்லக்கூடிய ஒரே பாட்டிலாகவும் இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். அவள் அப்பா மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். எங்கள் வீட்டில் கணக்கு அவர் துறை, பதற்றம் என் துறை; ஒருவர் துறையில் மற்றவர் தலையிடுவதில்லை. பவித்ராவை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன். வழியெல்லாம் திட்டினேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு, “ஒரு கரிமீன் கையில பட்டுச்சும்மா, சறுக்கிப் போயிருச்சு” என்றாள். அவளுக்கு வருத்தம் அது.

டாக்டருக்கு என்னை நன்றாகத் தெரியும். அவருடைய குடியிருப்புக் கிணற்றை நான்தான் வருடாவருடம் சோதிப்பேன். காயத்தைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

“எந்த வெள்ளம் இது? என்ன இருந்துச்சு அதுல?”

“தெரியாது டாக்டர்.”

அவர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “மேடத்துக்குத் தெரியாத வெள்ளமோ?” சிரிப்பதற்காகத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். ஊசி போட்டார், மாத்திரை எழுதினார். “காய்ச்சல் வந்தா உடனே கொண்டு வாங்க. சில காய்ச்சல் சில வாரம் கழிச்சுத்தான் தலை காட்டும். பார்த்துக்கிட்டே இருங்க.”

பார்த்துக்கொண்டே இருப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுபடி ஆய்வகத்துக்கு வந்தேன். தலைவர் வாசலிலேயே நின்றிருந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

“மோளுக்குக் காய்ச்சல் உண்டோ?”

“இப்ப இல்ல சார்.”

“அப்போ கெட்டு வெள்ளம் நல்ல வெள்ளம். குழப்பமில்ல, எறங்கலாம்னு எழுது.”

காலையில் வேண்டாம் என்று எழுதச் சொன்ன அதே ஆள்! அவருக்கு எது வேண்டுமானாலும் சரி, அஞ்சு மணிக்கு முன் ஒரு தாள் வெளியே போக வேண்டும். நான் அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த மத்தியானம் என் மனசும் அதே மாதிரிதான் குதித்துக்கொண்டிருந்தது. மகள் காலைப் பார்த்தால், வாய்க்காலின் எண்ணைக் கெட்டின் தலையில் கட்டி ஊரையே தடுத்துவிடலாம் என்று தோன்றும். அவள் ஆட்டோவில் கரிமீனைப் பற்றிப் புலம்பியதை நினைத்தால், ஒன்றும் இல்லை, நன்றாகத்தானே இருக்கிறாள் என்று தோன்றும். பயமும் ஆசையும் மாற்றி மாற்றி எனக்கு முடிவைச் சொல்லிக்கொடுத்தன. இரண்டும் தண்ணீரைப் பார்க்கவில்லை.

செல்விதான் வாயைத் திறந்தார். காலையிலிருந்து அழுது கண் வீங்கியிருந்தது.

“அக்கா, தெரியாதுன்னு சொல்லிருங்க. நான் கொட்டுனதையும் சேத்துச் சொல்லிருங்க.”

“உன்னை வேலையை விட்டுத் தூக்கிருவாங்க.”

“தூக்குனா தூக்கட்டும். அந்தப் பிள்ளைக கால்ல புண்ணோட எறங்கும்ல.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “என் வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க, பஸ்ஸுக்கு நிக்க வேண்டா” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவரை இன்றும் மதிக்கிறேன்.

கும்பளங்கிக்குப் போனதும் முதல் வேலையாகக் கெட்டில் புதிதாக ஒரு பாட்டில் நிரப்பினோம். அதன் மேல் செல்வி, வாக்கியம் வாக்கியமாக, ‘வர்கீஸ் சேட்டனுடைய வயல் தண்ணீர், நல்லாத்தான் இருக்கு, கொட்டாதீங்க’ என்று எழுதினார். பிறகு சாயக்கடைக்குப் போனோம். வர்கீஸ் சேட்டன், அவர் மனைவி மேரி சேச்சி, இன்னும் பத்துப் பதினைந்து பேர். எல்லாருக்கும் நாளைக் கலக்கலைத் தவிர வேறு பேச்சில்லை.

“கலக்கலை ஒரு நாள் தள்ளி வைக்கணும் சேட்டா” என்றேன்.

“எந்தா காரியம்? வெள்ளம் மோசமோ?”

“தெரியாது.”

“தெரியாதா?” அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். “நேத்து ரெண்டு குப்பி நெறச்சுக்கிட்டுப் போயது எந்தினு, எதுக்கு? அறியில்லன்னு சொல்லவா இவங்களுக்கு அரசாங்கம் மாதிரி ஒரு ஆபீசு, ஃபேனு, ஃப்ரிட்ஜு?”

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர், “ஊரு முழுக்க சொல்லியாச்சு மேடமே. சொந்தக்காரனெல்லாம் வைட்டிலா ஸ்டாண்டுல வந்து பஸ் எறங்கியாச்சு. இனி திரும்பிப் போன்னு யாரு சொல்லும்?” என்றார். பின்னால் ஒரு குரல், “நம்ம மீனுக்கு இவங்க பாஸ்போர்ட் கொடுக்கணுமாம்” என்றது.

அந்தக் கூட்டத்தின் முன் வாய்க்கால் எண்ணை மட்டும் எடுத்து வீசியிருந்தால் அவர்கள் அடங்கியிருப்பார்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நாளைக்கே கெட்டுத் தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தால், அடுத்த முறை மீன் வாயைப் பிளக்கும்போது வர்கீஸ் சேட்டன் யாரைக் கூப்பிடுவார்? அதனால் நடந்ததை நடந்தபடி சொன்னேன். வாய்க்காலில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். கெட்டுத் தண்ணீரை ஏன் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னேன். பாட்டிலில் கெட்டு என்று எழுதியது, தமிழில் அதற்குக் கெட்டுப்போனது என்று அர்த்தம் வருவது, புதிதாக வந்தவர் அதைக் கொட்டிக் கழுவியது. தோட்டை வடிகட்டித் தேடியதையும் விடவில்லை. தமிழில் தோடு என்றால் இது என்று என் காதைத் தொட்டுக் காட்டினேன்.

மேரி சேச்சிதான் முதலில் வெடித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் சாய்ந்துவிட்டார். “எடீ மோளே, நம்ம தோட்டுல கம்மல் கிடச்சா எனக்கும் ஒரு ஜோடி!” என்று செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். சாயா ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, “வர்கீசே, ஒன் கெட்டு கெட்டுப்போயி!” என்று கத்தினார். கடையே குலுங்கியது. செல்வியின் முகத்தில் அழுகை வந்துகொண்டிருந்தது, பாதியில் திசை மாறிச் சிரிப்பாகிவிட்டது.

சிரித்து முடித்த ஆட்களோடு பேசுவது எளிது. வர்கீஸ் சேட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “செரி, ஞாயிறாழ்ச்சை வெச்சுக்கலாம். ஆனா ஒண்ணு. வெள்ளம் நல்லதுன்னு நீங்க எழுதினா, முதல்ல எறங்குறது நீங்க” என்றார்.

சம்மதித்தேன். அப்புறம்தான், அதுவரை அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். மத்தியானத்திலிருந்து என்னை அரித்துக்கொண்டிருந்தது.

“சேட்டா, நேத்து மத்தியானம் தூம்பு திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?”

“அடச்சிருந்து. தோடு நாறின உடனே நான் அடச்சு.”

“எப்போ அடச்சு?” மேரி சேச்சி நிமிர்ந்தார். “இன்னிக்குக் காலையில பள்ளியில பூசைக்குப் போயிட்டு வரும்போ அல்லே அடச்சது?”

“அது வேற. நேத்து அடச்சதை இன்னிக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கி.”

“நேத்து நீங்க தூம்பு பக்கம் போனதே இல்ல. நேத்து முழுக்க இங்க இருந்து சீட்டு ஆடினீங்க.”

“சீட்டு புதன்.”

“புதன் மழை.”

அவர்கள் இன்னும் அதைத் தீர்க்கவில்லை என்று நினைக்கிறேன். நான் அந்த இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியிருந்தால் என் மகள் இறங்கியது வெறும் சேற்றுத் தண்ணீர். திறந்திருந்தால் அவள் இறங்கியது லாரியில்.

சனிக்கிழமை முடிவு வந்தது. கெட்டுத் தண்ணீரில் கிருமி எண்ணிக்கை பயப்படும்படி இல்லை. இந்த இடத்தில் நீங்கள் நிம்மதியாவீர்கள், ஆகாதீர்கள். அந்த முடிவு வெள்ளிக்கிழமைத் தண்ணீரைப் பற்றியது. தூம்பு வியாழக்கிழமையே மூடியிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும். திறந்திருந்து, லாரிச் சரக்கு உள்ளே வந்து, கொதிக்கிற சித்திரை வெயிலும் உப்பும் அதை ஒரு நாளில் அடித்துப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் வரும். கிருமி செத்துப்போகும். அது கொண்டுவந்த சத்து சாகாது, பாசிக்குப் போகும். பாசி கொழுத்தால் பகலெல்லாம் தண்ணீருக்குக் காற்றைக் கொடுத்துவிட்டு, இருட்டியதும் கொடுத்ததையெல்லாம் திருப்பி இழுத்துக்கொள்ளும். அதனால்தான் விடியும்போது மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. அதெல்லாம் எனக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை மத்தியானத் தண்ணீர் மட்டும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, ஊரே பார்க்க, முதல் ஆளாக. சேறு முழங்காலைக் கவ்வியது. அழுகிய தாளின் வாசனை மூக்கைத் துளைத்தது. பத்தடி போவதற்குள் குப்புற விழுந்தேன். வரப்பில், காலில் கட்டோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்த பவித்ரா எழுந்து நின்று கத்தினாள்: “அம்மா, அது ப்ராக்டீஸ் இல்லாததனாலம்மா!”

பின்னால் ஊர் முழுக்க ஒரே பாய்ச்சலில் இறங்கியது. எனக்கு ஒரு மீன் கூடக் கிடைக்கவில்லை. செல்விக்கு இரண்டு கிடைத்தது. ஒன்றை மேரி சேச்சி பிடுங்கிக்கொண்டார், கம்மலுக்கு ஈடாக.

செல்வியை யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. பாட்டிலின் மேல் எந்த இடம், என்ன தண்ணீர் என்று இரண்டு மொழியிலும் முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்று நம் ஆய்வகத்தில் ஒரு கட்டாயம் இருக்கிறதே, இது என்ன தொல்லை என்று நீங்கள் சாயாக் கடையில் அலுத்துக்கொள்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். அலுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுதுங்கள். ஒருநாள் உங்களிடமும் யாராவது அஞ்சு மணிக்கு முன் ஒரு தாள் கேட்பார்கள். கையில் பாட்டில் இல்லையென்றால், இல்லை என்று அந்தத் தாளில் எழுதுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பவித்ராவின் காயம் ஆறியது. டாக்டர் சொன்ன வாரங்கள் முழுக்க, போகும்போதும் வரும்போதும் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் வரவில்லை. வாரங்கள் முடிந்த பிறகும் கை நிற்கவில்லை. சாப்பிடும்போது, படிக்கும்போது, தலை பின்னும்போது. “அம்மா, ரிசல்ட் எந்தா?” என்று நிமிராமலே கேட்பாள். “நார்மல்” என்பேன். அடுத்த அரை மணியில் மறுபடி வைப்பேன்.

இப்போது அவள் வெளியூரில், கல்லூரி விடுதியில் இருக்கிறாள். தினமும் வீடியோவில் கூப்பிடுகிறாள். பேசிக்கொண்டே இருக்கும்போது என் விரல் தன்னையறியாமல் திரையில் அவள் நெற்றிக்குப் போகிறது. தொட்ட இடத்தில் எந்தப் பொத்தான் இருக்கிறதோ தெரியவில்லை, அழைப்பு அறுந்துபோகிறது.

உடனே திரும்பக் கூப்பிடுவாள். “அம்மா, பின்னேயும் தொட்டீங்களா?” என்று சிரிப்பாள். “ரிசல்ட் எந்தா?”

“தெரியல” என்கிறேன்.